ஒன்பது கஜப் போர்வை

சென்னையில் குளிரா என்று சிரிப்பவர்களை மார்கழியில், விடிவதற்கு முன்னால், மோட்டார் சைக்கிளில் ஏற்றி அடையாறு பாலத்தைக் கடக்கச் சொல்ல வேண்டும். ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வருகிற காற்று கையுறைக்குள் புகுந்து விரலைக் கடிக்கும். கிளட்சைப் பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்றே சில நாள் எனக்குத் தெரியாது. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. பின்னால் உட்கார்ந்திருப்பவர் என் கணவர். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, அவருக்கு அடையாறில் டயாலிசிஸ்.

ஆட்டோ கிடைக்கவில்லையா, கார் கிடைக்கவில்லையா என்று கேட்காத உறவினர் இல்லை. கிடைக்கும். "ஆட்டோல போனா நான் பேஷன்ட். என் வண்டில போனா வெளியில போறவன்" என்று அவர் முடித்துவிட்டார். போகும்போது மட்டும் என்று டாக்டரும் அரை மனதாகத் தலையாட்டினார். திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், அதனால் அவர் ஆட்டோவில் வருவார், நான் ஊர்வலத்துக்குக் காவல் போவது போல அதன் பின்னாலேயே வருவேன். 'என் வண்டி' என்று சொல்கிறவரால் அதைத் தள்ளி நிறுத்தக்கூட முடியாது. முப்பது வருஷம் பின்னால் உட்கார்ந்து "மெதுவா போங்கோ" என்று உயிரை வாங்கியதற்குத் தண்டனையாக நான் கியர் வண்டி கற்றுக்கொண்டேன். அவருடைய பழைய பேன்ட்டை இடுப்பில் மடித்து பெல்ட் போட்டுக்கொண்டு நான் கிளம்புவதை மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டு மாமி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பார்க்கட்டும்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். சாலையோர மணலுக்குப் பயம், திடீரென்று எழுந்து ஓடும் நாய்க்குப் பயம், தண்ணீர் லாரிக்குப் பயம். ஆனால் இவையெல்லாம் சில்லறைப் பயங்கள். பெரிய பயம் அவருடைய இடது மணிக்கட்டில் இருக்கிறது.

அந்த இடத்தில் இரண்டு ரத்தக் குழாய்களை ஆபரேஷன் செய்து ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். அதில் ஊசி குத்தித்தான் ரத்தத்தை மெஷினுக்கு எடுப்பார்கள், சுத்தம் செய்து திருப்பி அனுப்புவார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். விரலை வைத்தால் உள்ளே விர் என்று ஓடிக்கொண்டே இருக்கும், தீப்பெட்டிக்குள் வண்டைப் பிடித்து அடைத்தது போல. அந்த விர் நின்றுபோனால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். வலது கையில் முதலில் போட்டது இரண்டே மாதத்தில் அடைத்துப் போனது. அப்புறம் நெஞ்சில் ட்யூப் வைத்து, அதில் கிருமி புகுந்து, ஜுரத்தில் அவர் பட்ட பாட்டை நான் இன்னொரு முறை பார்க்க மாட்டேன். மிச்சம் இருப்பது இந்த ஒரு கைதான்.

அதனால் ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பேன்.

"பேசறதா?" என்பார்.

"பேசறது" என்பேன். அப்புறம்தான் சாவி.

அவர் உடம்பில் ரத்தம் குறைவு. ஊருக்கே வியர்க்கும்போது அவருக்கு ஸ்வெட்டர் வேண்டும். மார்கழியில் கேட்க வேண்டாம். சட்டைக்குள் நெஞ்சுக்கு நேராக முந்தைய நாள் செய்தித்தாளை நான்காக மடித்து வைப்பேன். காற்று தாண்டாது. இரண்டு ஜோடி சாக்ஸ், ஹெல்மெட்டுக்கு உள்ளே மஃப்ளர். ஆனால் இடது கையில் எதுவும் இறுக்கமாக இருக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஸ்வெட்டரின் இடது கையைத் தையல் பிரித்து, பிரஸ் பட்டன் வைத்துத் தொளதொளவென்று விட்டிருந்தேன். காற்றெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். "இந்தக் கைதான்டி ஜில்லுனு இருக்கு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அது என் மனதில் முள்ளாகக் கிடந்தது.

ஒரு நாள் இரவெல்லாம் தூறி, காலையில் குளிர் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. மாடிப்படி இறங்கும்போதே அவருக்குப் பல் தந்தியடித்தது. நான் திரும்பி ஓடி, பீரோவிலிருந்து என் மாமியாருடைய பழைய ஒன்பது கஜத்தை எடுத்து வந்தேன். நல்ல கனமான பருத்திப் புடவை. அவர் ஏறி உட்கார்ந்ததும் நான் முன்னால் ஏறிக்கொண்டு, அதை நாலாக மடித்து எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றினேன். அவருடைய இடது கையை முன்னால் இழுத்து என் வயிற்றோடு அணைத்து, அதன் மேல் முடிச்சுப் போட்டேன்.

"என்னடி, ரெண்டு பேரையும் சேத்துப் பார்சல் பண்றியா?"

"பேசாம உக்காருங்கோ."

மந்தைவெளி தாண்டும்போது, "நன்னா கதகதன்னு இருக்கு" என்றார். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பாலத்துக்கு முன்னால் இருக்கும் சிக்னலில் அவருடைய தலை என் முதுகில் சாய்ந்தது. தூங்கி விழுந்துவிடப் போகிறாரே என்று முடிச்சை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினேன்.

பாலத்தின் மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

"ஏன்னா?"

"ம்."

அந்த ஒரு 'ம்' போதுமென்று ஓட்டினேன்.

டயாலிசிஸ் சென்டர் வாசலில் வண்டியை நிறுத்தி முடிச்சை அவிழ்த்தபோது பார்த்தேன். அவருடைய மணிக்கட்டில் புடவையின் மடிப்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. இரண்டு விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தேன். ஒன்றுமில்லை. குனிந்து காதை வைத்தேன். சாலையில் பஸ் போகும் சத்தம்தான் கேட்டது.

டாக்டர் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அனுப்பினாரோ, அதையே நான் செய்திருக்கிறேன். குளிரக் கூடாதே என்று அவருடைய உயிர் ஓடுகிற இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசலையா?"

"என் விரல்தான் மரத்துப் போச்சு" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக நான் பொய் சொன்னதில்லை.

உள்ளே அவருக்கு வழக்கமாக ஊசி போடும் நர்ஸ் இருந்தாள். நொச்சிக்குப்பத்துப் பெண். எல்லோரையும் அதட்டுவாள், எங்களையும்தான்.

"இன்னாம்மா இது, அப்பா கை இப்டி ஜில்லுனு கீது? யாரு கட்னது?"

"நான்தான்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், முகத்தில் எதையும் காட்டாமல் டாக்டருக்கு போன் செய்தாள். பிறகு அவரைப் படுக்க வைத்து, கையைக் கம்பளியில் தொளதொளவென்று பொதிந்தாள். "டாக்டர் வந்துக்கினே கீறாரு. நீ அப்டி குந்துமா" என்றாள். அவள் அதட்டாததுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

உட்கார முடியவில்லை. கட்டில் பக்கத்திலேயே நின்றேன். திரும்பவும் நெஞ்சில் ட்யூப், திரும்பவும் அந்த ஜுரம், இனி குத்துவதற்குக் கையே இல்லை என்று நினைப்பு ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

அவர் மெல்லச் சொன்னார்: "மந்தைவெளிலயே கை மரத்துப் போச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன? கதகதன்னு இருக்குன்னேளே!"

"அதுவும் இருந்தது. நீ அவ்வளவு ஆசையாக் கட்டினே. எப்படி அவிழ்க்கச் சொல்றது?"

நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. கோபத்தில் அழுகை வந்துவிட்டது.

கால் மணி நேரம் கழித்து நர்ஸ் மறுபடி ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். கொஞ்சம் நகர்த்தினாள். புருவத்தைச் சுருக்கினாள். "இரும்மா, இரும்மா. லேசா கேக்குது." அதைத் தன் காதிலிருந்து கழற்றி என் காதில் மாட்டினாள். முதலில் என் மூச்சுதான் கேட்டது. அதை அடக்கிக்கொண்டேன். அப்புறம், மூன்று வீடு தள்ளி யாரோ மிக்ஸி போடுகிற மாதிரி, விர். இருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் பெண் என்னை ஆசை தீரத் திட்டினாள்.

ஒன்பது கஜம் பீரோவுக்குத் திரும்பிப் போனது. ஆட்டோவில் போகலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது கிளம்பும்போது என் மஃப்ளரைக் கழற்றிவிடுகிறேன். என் ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் நடுவில் வெறும் கழுத்தில் அவர் இடது மணிக்கட்டைச் சாய்த்து வைத்துக்கொள்கிறார். கட்டு இல்லை, இறுக்கம் இல்லை. என் கழுத்துச் சூட்டில் அந்தக் கை குளிராமல் இருக்கிறது. பாலத்துக் காற்று முழுவதும் என் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்குகிறது. இறங்கட்டும்.

ஒரே கஷ்டம், எஞ்சின் ஓடும்போது உடம்பு முழுவதும் அதிர்கிறது. கழுத்தில் படுகிற விர்ரில் எது வண்டி, எது அவர் என்று தெரிவதில்லை. அதனால் சிவப்பு விழுந்த இடத்திலெல்லாம் எஞ்சினை அணைத்துவிடுகிறேன்.

போன வாரம் பாலத்துக்கு முன்னால் இருக்கும் சிக்னலில் அப்படித்தான் அணைத்தேன். கழுத்தில் ஜில்லென்ற தோல் மட்டும் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. காத்திருந்தேன். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

பக்கத்தில் மீன் பெட்டி கட்டிய வண்டியில் இருந்தவர் குனிந்து கேட்டார். "இன்னாக்கா, வண்டி மக்கர் பண்ணுதா? தள்ளி உடவா?"

இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

"பச்சை விழுந்துடுத்துடி" என்றார் பின்னாலிருந்து.

"கொஞ்சம் இருங்கோ."

அவருக்குப் புரிந்துவிட்டது. மணிக்கட்டை ஒரு விரற்கடை நகர்த்தி என் காதுக்குக் கீழே வைத்தார். ஹாரன்கள் எல்லாம் சேர்ந்து கத்தின. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். விர் என்று வந்தது. அப்புறம்தான் ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.