அவன் பதிவுக்குக் கீழே

என் மனைவி தையல் மிஷின் மெக்கானிக். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் எழுபது மிஷின்கள் அவள் பொறுப்பு. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு என்னவென்று சொல்லிவிடுவாள். நான் அங்கேயே பெட்டி கட்டுகிறவன். வீட்டில் எனக்கு மரியாதையும் அந்த அளவுக்குத்தான்.

அவளோடு வேலைக்குச் சேர்ந்தவன் ஒருவன் உண்டு. மிஷின் கம்பெனிக்காரர்கள் ஒரே ஒருவரைப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது, முதலாளி அவனை அனுப்பினார். பயிற்சி முடித்து வந்தவன் வேலையை விட்டுவிட்டுத் தனிக்கடை போட்டான். ரிப்பேர் பற்றிச் செல்போனில் ஒரு ஆப்பில் பதிவு போட ஆரம்பித்தான். இன்று நாற்பதாயிரம் பேர் அவன் பின்னால். "அன்னிக்கு என்னை அனுப்பியிருந்தா..." என்று இவள் ஆரம்பித்தால், நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவேன்.

இவளும் அதே ஆப்பில் ஒரு பக்கம் தொடங்கினாள். அதில் என் தங்கை மகளின் பிறந்தநாள் படம், எண்ணெய் போட்ட மிஷின் படம் ஒன்று, அவ்வளவுதான். மூளை முழுவதும் அவன் பக்கத்தில் கிடந்தது. தையலுக்கு அடியில் நூல் சுருண்டால் அடிநூல் பாபின் திருகை முறுக்குங்கள் என்று அவன் எழுதுவான். ஐந்தாவது நிமிஷம் கீழே இவள்: "திருகைத் தொடாதீங்க. துணியை அழுத்துற ஃபுட்டைத் தூக்கி வச்சுட்டு மேல்நூலை மறுபடி கோத்து விடுங்க. பாதி மிஷினுக்கு வியாதியே அதுதான்." ஒன்பது வருஷத்தில் இப்படி ஆயிரத்துக்கு மேல் பதில்கள். எனக்கும் வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்? கல்யாணமான புதிதில் நான் வெளியூரில் கிடந்தபோது எனக்கு நாலு வரி எழுதாதவள்.

போன மாதம் அந்த ஆப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. எல்லாருடைய பதிவுகளையும் ஏஐ கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். வேண்டாம் என்பவர்கள் பட்டனை அழுத்தலாம்.

"என் உழைப்பைத் தூக்கிக் கொடுக்க இவங்க யாரு?" என்று அழுத்தினாள்.

நான்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தேன். இன்னொருவர் பதிவுக்குக் கீழே எழுதிய பதிலுக்குப் பதிவு போட்டவரின் சம்மதமே போதும். ஆக, அவள் காப்பாற்றியது பிறந்தநாள் படத்தை மட்டும்.

பல வருஷம் கழித்து அவனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"நான் முதல் நாளே சரின்னு கொடுத்துட்டேன் அக்கா. நம்ம பேச்சை நாலு பேர் கேட்டா நல்லதுதானே?"

"அதுல பாதி நான் எழுதினது."

"பாதிக்கு மேலேயே இருக்கும். வேண்டாம்னா உங்க பதிலை நீங்க அழிச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு."

குரலில் துளி கிண்டல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

ஞாயிறு காலையே பதில்களை அழிக்கப் போனோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவன் பக்கத்தில் அவள் எழுத்து ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. "நானும் உதவி பண்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

முதலில் அந்த நூல் சுருளும் பதிலை அழித்தாள். பாபின் திருகை முறுக்குங்கள் என்று அவன் சொன்னது மட்டும் தனியாக நின்றது, பெரிய மேதாவி சொன்னதுபோல. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அழிச்சுட்டா இவன் சொன்னதுதானே சரின்னு ஆயிடும்?"

"ஆனா ஆகட்டுமே."

"உங்களுக்கு என்ன, பெட்டி கட்டுறவரு." அழித்ததை மறுபடி எழுத ஆரம்பித்தாள், முன்னைவிட நீளமாக. "ஏஐ கம்பெனிக்காரன் எடுத்துட்டுப் போகட்டும். இவன்தான் கெட்டிக்காரன்னு ஒரு கம்ப்யூட்டர்கூட நம்பக் கூடாது."

ஆறு மணி அடித்தபோது அதற்கு மேல் ஒன்றுகூட அழிந்திருக்கவில்லை. புதிதாகப் பதினொன்று சேர்ந்திருந்தது. மத்தியானச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. சாப்பிட வா என்று மூன்றாவது தடவை கூப்பிட்டேன்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள், தலை நிமிராமல். "இவனுக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்துடறேன்."