பெரியம்மாவுக்குச் சாமி வந்த கதை

எங்கள் பெரியம்மாவுக்குச் சாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வந்த இடம் கோவில் அல்ல. உலு திராம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், அதில் எங்கள் லயத்து வீட்டின் பின்புறம், துணி காயும் கொடிக்கு அருகே. வரவழைத்தது உடுக்கையும் அல்ல, ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியின் மிஸ்ஸி, அதாவது நர்ஸ்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் பெரியம்மாவின் இடது மார்பில் கட்டி வந்து, மார்பையே எடுத்துவிட்டார்கள். அக்குளில் நெறி கட்டியிருந்ததையும் சேர்த்து எடுத்தார்களாம். இதெல்லாம் நான் வளர்ந்தபின் தெரிந்துகொண்டது. ஏழு வயதில் எனக்குச் சொல்லப்பட்டது, வயிற்றுவலிக்கு மருந்து வாங்கப் போனாள் என்பதுதான்.

இனி அந்த இடது கை வீங்கப் பார்க்கும், வீங்கினால் லேசில் வற்றாது என்று மிஸ்ஸி எச்சரித்து அனுப்பியிருந்தாள். பெரியம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். படுக்கும்போது கையைத் தலையணைமேல் ஏற்றி வைப்பாள். குளித்தால் ஈரம் போகத் துடைத்து, தோல் வெடிக்காமல் தேங்காயெண்ணெய் தடவுவாள். கொசு கடித்தாலும் முள் கீறினாலும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. அம்மா ஆசையாகக் கட்டிவிட்ட மந்திரித்த கயிற்றைக்கூட, "இறுக்குதுடி" என்று அவிழ்த்து என் கையில் கட்டிவிட்டாள். அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்கமாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும் துரைசாணி ஆகிவிட்டாள் என்று லயமே வாய்க்கு வந்தபடி பேசியது.

பேச்சைத் தாங்கிக்கொள்ளலாம். கங்காணியை என்ன செய்வது? பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர்கள், தோளில் காண்டாக் கம்பை வைத்து, அதன் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோர் வரை நடக்க வேண்டும். பெரியம்மா வாளி தூக்கினால் கை வீங்கும். தூக்காவிட்டால் வேலை இல்லை. வேலை போனால் அவள் பேரில் இருந்த லயத்து வீடும் போய்விடும். பெரியப்பா இறந்தபின் அவளுக்கு வேறு போக்கிடமும் கிடையாது.

"இந்தா பாரும்மா, மாசம் பொறந்ததும் வாளி தூக்குறதுன்னா வா. இல்லேன்னா பேரு வெட்டிருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார் கங்காணி. அன்று முழுக்கப் பெரியம்மா சாப்பிடவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியம்மா தலை முழுகி, கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு, மிஸ்ஸி சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்தாள். இடக்கையை மெல்ல மெல்லத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை மடக்கி விரித்து, வயிறு நிறைய மூச்சை இழுத்து 'உஸ்ஸ்' என்று விட வேண்டும். கை காதைத் தாண்டும்போது வலியில் அவள் முகம் கோணும், கண்கள் செருகும்.

அந்நேரம் பார்த்து, முட்டையிட எங்கோ ஓடிப்போன கோழியைத் தேடிக்கொண்டு கங்காணியின் மனைவி அங்கே வந்தாள். பெரியம்மா நின்ற கோலத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், சேற்றிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள்.

"ஆத்தா! எங்க மேல என்னா கோவம்? சொல்லு தாயே!"

பெரியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். எப்படிப் பதில் சொல்வாள்? பிடித்த மூச்சை 'உஸ்ஸ்' என்று விட்டாள். வேறென்ன வேண்டும்?

சாயங்காலத்துக்குள் தேங்காய், சூடம், வேப்பிலையோடு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, சாமியும் இல்ல ஒண்ணும் இல்லங்க. கை வீங்காம இருக்க மிஸ்ஸி சொல்லிக் குடுத்தாங்க."

"சாமி என்னிக்கு நாந்தான் சாமின்னு சொல்லிச்சு?" என்றாள் கங்காணியின் மனைவி. கூட்டம் அதை ஒப்புக்கொண்டது.

மாதம் பிறந்தது. வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கங்காணி பெரியம்மாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வீட்டில் என்ன பாட்டு வாங்கினாரோ! "நீங்க மரத்த மட்டும் வெட்டுங்க. பால ஆளு வந்து தூக்கும்," என்றார். 'வா' போய் 'வாங்க' வந்திருந்தது. பெரியம்மா உண்மையைச் சொல்ல மறுபடி வாயைத் திறந்தாள். அம்மா அவள் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள்.

எனக்கு ஒரே பெருமை. சாமி எங்கள் வீட்டிலேயே குடியிருக்கும்போது சும்மா விடலாமா? மறுநாள் பெரியம்மா கையைத் தூக்கியதும் காலில் விழுந்து, பச்சை ரிப்பன் வேண்டும் என்று வரம் கேட்டேன். "மொதல்ல மூக்கத் தொடச்சிட்டு வா," என்றது சாமி.

கை வீங்கவில்லை. வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் நல்ல மழையில் கங்காணியின் மனைவி தனியாக வந்தாள். தேங்காய் இல்லை, சூடமும் இல்லை. முகம் வெளிறியிருந்தது. பெரியம்மாவிடம் ஏதோ முணுமுணுத்தாள். பெரியம்மா என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். சாமியின் சொந்தக்காரியான என்னையே வெளியே தள்ளியதில் எனக்குக் கோபமான கோபம். கதவில் காதை வைத்தேன். விசும்பல் கேட்டது. பிறகு பெரியம்மாவின் குரல்.

"எம்புட்டு நாளா இருக்கு? அவர்கிட்ட சொன்னீங்களா? பயப்படாதீங்க. நான் கூட வரேன்."

இரண்டு நாள் கழித்து இருவரும் ஜொகூர் பாருவுக்கு லாரி ஏறினார்கள். கங்காணி லாரி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ பெரிய கோவிலுக்குத்தான் போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியம்மா உடனே திரும்பிவிட்டாள். கங்காணியின் மனைவி வர வெகுநாள் ஆனது. வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டவே இல்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டின் பின்புறம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கங்காணியின் மனைவி, பெரியம்மாவோடு சேர்ந்து கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். "மெதுவா, மெதுவா. இன்னும் கொஞ்சம்," என்று பெரியம்மா சொல்ல, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். இரண்டு பேரும் ஒன்றாக 'உஸ்ஸ்' என்றார்கள்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா! கங்காணியம்மாவுக்கும் சாமி வந்துருச்சி!"

ஊதுகுழலோடு குனிந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். "கையத் தூக்குறாங்களா? எது வரைக்கும்?"

"காது வரைக்கும்."

"காது வரைக்கும் வந்துருச்சா!" என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரிக்குச் சாமி வந்தால் அம்மா ஏன் அழவேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.