பஞ்சம்மாளின் ஓர இருக்கை

ஜீப் கிளம்பப் போகிற நேரத்தில்தான் பஞ்சம்மாளுக்குச் சேலையை இழுத்துச் செருகுவதும் தூக்குவாளி மூடியைத் தட்டிப் பார்ப்பதும் ஞாபகத்துக்கு வரும். மற்ற பதினோரு பெண்களும் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்த பிறகு, "எனக்கு இந்த ஓரந்தான் மிச்சமா?" என்று சலித்துக்கொண்டே பின்பக்கம் ஏறி உட்காருவாள். அந்த ஓரத்துக்காகத்தான் அத்தனை நாடகமும்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற ஜீப் அது. மலை வளைவுகளில் வண்டி திரும்பத் தொடங்கினால் பஞ்சம்மாளுக்குக் குடலைப் புரட்டும். பன்னிரண்டு வருடமாகப் புரட்டுகிறது. முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு, "இந்த மலையப் பாக்க ரெண்டு கண்ணு பத்தாது மதினி" என்பாள். மூன்றாவது வளைவுக்கு மேல் அதையும் சொல்ல முடியாது. உதட்டை இறுக்கிக்கொண்டு மலையில் லயித்தவளைப் போல இருப்பாள்.

சேர்ந்த புதிதில், வாந்தி எடுத்த ஒரு பெண்ணை வேறொரு ஜீப்பில் மறுநாளே வேண்டாமென்று நிறுத்தியதைப் பார்த்திருந்தாள். அந்தப் பயத்தில் மறைக்கத் தொடங்கினாள். பிறகு பயம் போய்விட்டது, ஆனால் இத்தனை நாள் மறைத்ததைச் சொல்ல வெட்கம் வந்துவிட்டது.

அவளைக் காப்பாற்றியது ஒரு எலுமிச்சம்பழம். ஓர இருக்கைக்குப் பக்கத்தில் டூல்ஸ் பெட்டிமேல் தினமும் ஒரு பழம் இருக்கும். டிரைவர் சின்னக்கருப்பு வண்டிக்குச் சாமி கும்பிட்டு வைத்தது என்று நினைத்தாள். யாரும் பார்க்காதபோது எடுத்து முகர்ந்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். சாமிப் பழத்தை எச்சில் மூச்சுப்பட முகர்கிறோமே என்று செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றுவாள். அந்த வாசனை வந்தாலே வளைவுகள் கண்முன் வந்துவிடும் என்பதால், வீட்டில் எலுமிச்சம்பழத்தைச் சேர்ப்பதே இல்லை.

இவ்வளவு அவதிப்பட்டும் அந்த ஜீப்பை அவள் விடவில்லை. மழையில் குத்தவைத்துக் காய் எடுக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஏறும் அட்டையை, கேட்காமலே பக்கத்துக்காரி பிடுங்கிப் போடுவாள். பஞ்சம்மாளுக்குக் கை வீங்கிக் கிடந்த மாதத்தில் அவள் வாளியை மற்ற பதினோரு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாக நிரப்பினார்கள். அப்படிப்பட்டவர்களை எப்படி விட்டுவிட்டு வருவது?

அதனால்தான், ஊர் எல்லையில் திராட்சை வெட்டும் குழுவில், அதை நடத்தும் மகாலட்சுமி அவளைச் சேர்த்துக்கொண்டபோது, சந்தோஷத்தோடு கூடவே திகிலும் வந்தது. கீழே வேலை கிடைத்ததும் ஓடிவிட்டாள் என்று இவர்கள் நினைத்துவிட்டால்? இரண்டு வாரம் தினமும் சொல்ல வாயெடுத்து, குழம்பு நன்றாக இருக்கிறது என்றோ மழை வரும்போல இருக்கிறது என்றோ முடித்தாள்.

சனிக்கிழமை, கடைசி நாள். வண்டி மலை இறங்கும்போது, வேறு வழியில்லாமல் ஆரம்பித்தாள்.

"மதினி, திங்கக்கெழமையிலருந்து நா வரல. திராட்சைக்குப் போறேன். முட்டி வலி தாங்க முடியல."

ஜீப்பிலேயே மூத்தவளான ராக்கம்மாள் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "வலி முட்டியிலயா, வயித்துலயா?"

பஞ்சம்மாள் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பன்னெண்டு வருசமா ஒருத்தி மலையவே பாத்துக்கிட்டு வருவாளாக்கும். அந்த ஓரத்த ஒனக்காகத்தான் விட்டு வச்சோம். நடுவுல நசுங்கிக்கிட்டு வரணும்னு எங்களுக்கென்ன வேண்டுதலா? பழத்த யாரு வச்சான்னு நெனச்ச?"

"சின்னக்கருப்பு தம்பி…"

"நா டயருக்கு வைக்கிறதோட சரிக்கா" என்றான் அவன், திரும்பாமலே. "பின்னால வைக்கிறது ராக்கம்மா மதினி."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீ மறைக்கணும்னு நெனச்ச. சரி, மறைச்சுக்கிட்டுப் போன்னு விட்டுட்டோம்."

பஞ்சம்மாள் டூல்ஸ் பெட்டிமேல் இருந்த பழத்தைக் கையில் எடுத்தாள். "அப்ப நா ஏத்துன வெளக்கெல்லாம்?"

விளக்குக் கதையைச் சொல்லச் சொல்ல ஜீப்பே குலுங்கியது. அவளும் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது, அடுத்த வளைவில் வயிறும் புரட்டியது.

"தம்பி, வண்டிய நிப்பாட்டு" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை. சாலையோரத்தில் குனிந்து, யாருக்கும் பயப்படாமல், வஞ்சகமில்லாமல் வாந்தி எடுத்தாள். ராக்கம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் இங்கனயே எறக்கி வச்சிட்டுப் போத்தா" என்றாள். திரும்ப ஏறியபோது பஞ்சம்மாளுக்கு உடம்பும் மனசும் லேசாகிவிட்டன. வீடு வரைக்கும் மலையைப் பார்க்கவே இல்லை. உள்பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை விடிகாலை, சாலையை ஒட்டிய தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே பஞ்சம்மாள் திராட்சை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது. ஓர இருக்கையில் இப்போது ராக்கம்மாள். அவள் வீசியது வேலியைத் தாண்டி வந்து பஞ்சம்மாளின் காலடியில் உருண்டது.

எலுமிச்சம்பழம். பழக்கதோஷத்தில் மூக்குக்கிட்டே கொண்டுபோனவள், பாதியிலேயே கையை இறக்கினாள். திராட்சை வெட்டும் கத்தரியாலேயே அதை இரண்டாக நறுக்கினாள். தூக்குவாளியைத் திறந்து, கஞ்சியில் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்து, அங்கேயே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினாள்.