விடுமுறை நாளில் எரிந்த அடுப்பு

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவளைப் பிள்ளைகள் கரண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பருப்பு கழுவி, பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிளறிக் கிளறியே வருடங்கள் ஓடிவிட்டன. முழங்கால் தேய்ந்துபோயிற்று. தோள்பட்டை வலியைக் கேட்கவே வேண்டாம்.

அன்று காலை மழைக்காக விடுமுறை விட்டார்கள். "அப்பாடா" என்று மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. காலியான தட்டை விரலால் வழித்துக்கொண்டே இருக்கும் இரண்டாம் வகுப்புப் பெண் கண்ணுக்குள் வந்து நின்றாள்.

எழுந்து குடையைத் தேடினாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் கணவர்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. உனக்கும்தானே லீவு?"

"மனசு கேக்கலைங்க."

பள்ளிக்கூடச் சமையலறைத் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் நனைந்து ஒண்டியிருந்தன. அந்தப் பெண்ணும் இருந்தாள், இடுப்பில் தங்கச்சியோடு.

"லீவுன்னு யாரும் சொல்லலையா கண்ணு?"

"தெரியும்க்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

பூட்டிய கதவில் பார்க்க என்ன இருக்கிறது? தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள்.

"லீவு அன்னைக்கு அரிசி எடுத்தா மேல கேப்பாங்களேம்மா," என்றார் தலைமையாசிரியை. பிறகு பெருமூச்சு கேட்டது. "சமைங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

விறகு ஈரம். ஊதி ஊதி அவளுக்கு மூச்சு வாங்கியது. பிள்ளைகள் ஓடவில்லை, சண்டை போடவில்லை, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தன. பசித்த பிள்ளைகளின் அந்த அமைதிதான் அவளுக்குத் தாங்காது. சோறு வேகும் வாசனை வந்த பிறகுதான் ஒருவன் இன்னொருவனைக் கிள்ளினான். அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

சேதி எப்படிப் பரவியதோ, மதியத்துக்குள் தாழ்வாரம் நிறைந்துவிட்டது. தங்கச்சிக்கு ஊட்டிவிட்டுத்தான் அந்த இரண்டாம் வகுப்புப் பெண் தன் தட்டில் கை வைத்தாள்.

"நாளைக்கும் மழை பேஞ்சா வருவீங்களாக்கா?"

"முதல்ல சாப்புடு," என்றாள். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிறேன் என்று சொல்ல உடம்பில் தெம்பில்லை.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். தலைமையாசிரியை பதில் அனுப்பினார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, அவளுக்கு ஒத்தாசையாக இன்னொரு ஆளும் போடவில்லை.

மழை மேலும் சில நாட்கள் விடாமல் பெய்தது. ஒவ்வொரு நாளும் போனாள். கணவரும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்து, வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.