கேம்ப் பாஸின் இரும்பு அலமாரி

துபாய் அல்கூஸில் என் மளிகைக் கடைக்குப் பின்னால் கட்டிட வேலை ஆட்கள் தங்குகிற ஒரு லேபர் கேம்ப் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடையைத் திறந்தால் கோழியும் கொத்தமல்லியும் வாங்க கேம்பே உள்ளே நிற்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருஷங்களில் பார்க்கிற திசையெல்லாம் கிரேன். அத்தனை கட்டிடம் எழுப்பியவர்களுக்கு அவரவர் பாஸ்போர்ட் மட்டும் கையில் கிடையாது. கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும். சட்டப்படி தப்பு என்பார்கள். தப்புதான், யார் போய்க் கேட்பது?

எங்கள் கேம்பில் அவை, கேம்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் அறையில், ஓர் இரும்பு அலமாரியில் இருந்தன. அவர் வயதான மலையாளி, சரியான சிடுமூஞ்சி. ஆனால் ஊரில் சாவு என்று எவனாவது வந்து நின்றால், "ஜாமீன் யாரு?" என்று மட்டும் கேட்பார். கூட வேலை செய்கிற ஒருவன் முன்னால் வர வேண்டும். ஊருக்குப் போனவன் திரும்பாவிட்டால் ஜாமீன் நின்றவனுக்கு லீவ் இல்லை. வாய்ப்பேச்சுதான். அலமாரி திறந்துவிடும். வெள்ளிக்கிழமை லீவு, பெருநாள் என்று எதுவும் பார்க்க மாட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். சென்னைப் பிள்ளை, வெளிநாட்டு உரிமைச் சங்கம் ஒன்றில் வேலை. கேம்புக்குள் விட மாட்டார்கள் என்பதால் என் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஆட்களிடம் பேசினாள். ஒருத்தர் பேரையும் வெளியே சொல்ல மாட்டோம் என்றாள். அதிகம் பேசியவன் சிவகங்கைப் பக்கத்துக் கம்பி கட்டுகிற ஆள். வீட்டுக்கு ஒரே மகன்.

அவள் சங்கத்து அறிக்கை வெளியாகி, பேப்பரிலும் வந்தது. இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். மாடு ஏற்றுகிற மாதிரி ஆளை ஏற்றிப்போன லாரி நின்று ஏசி பஸ் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதை நான் மறைக்க மாட்டேன். பாஸ்போர்ட்டும் கைக்கு வரும் என்று கேம்பே காத்திருந்தது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? எல்லாரிடமும் 'பத்திரமாக வைக்க நானே கொடுத்தேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, மொத்தத்தையும் அபுதாபி ஹெட் ஆபீஸ் லாக்கருக்குக் கொண்டுபோய்விட்டது.

அடுத்த வருஷம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், சிவகங்கைக்காரனின் அப்பா இறந்துபோனார். எங்களில் என்றால் தாமதிக்காமல் அடக்கிவிடுவோம். அவர்களில் கொள்ளி வைக்க மகன் வர வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். ஜாமீன் நிற்க ஆள் ரெடி, டிக்கெட்டுக்கும் வழி செய்தாயிற்று. வெள்ளிக்கிழமை லீவு, ஹெட் ஆபீஸ் பூட்டு. போன் எடுக்க நாதி இல்லை. கேம்ப் பாஸ் அலமாரியை அகலத் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய சட்டைகள் தொங்கின. "ஞான் என்ன செய்யும்?" என்று கிழவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் தங்கை என் கடை போனுக்குப் பேசினாள். "இனிமே வைக்க முடியாதுங்கிறாகண்ணே." பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். இவன் ரிசீவரைக் காதோடு அழுத்தி, கொட்டுச் சத்தம் ஓயும்வரை நின்றான். ஆபீஸ் திறந்ததும் லீவ் கேட்டான். "காரியம்தான் முடிஞ்சுபோச்சே, இனி எதுக்கு?" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பெண் திரும்பவும் வந்தாள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. பிடித்துக் கத்திவிட்டேன்.

"நீ எழுதிட்டு ஃபிளைட் ஏறிடுவே. அனுபவிக்கிறது இவனுக. இருந்த ஒரு வழியையும் அடைச்சாச்சு. போதும்மா, கலாஸ். புண்ணியமாப் போகும், எங்கள விட்டுரு."

அவள் முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த சிவகங்கைக்காரன்தான் நிமிர்ந்தான்.

"அந்தப் புள்ளைய ஏன் பாய் வையிறீக? பூட்டுனது அதுவா? அலமாரியில இருந்தப்பவும் நம்ம சாமானுக்கு நாமதான கெஞ்சிக்கிட்டு நின்னோம். கெழவன் நல்லவன், தெறந்தான். நாளைக்கு அங்க ஒரு கெட்டவன் உக்காந்தா?"

அவன் பொறுக்கிய வெங்காயத்தை வாங்கித் தராசில் வைத்தேன்.

அவன் அவளிடம் திரும்பினான். "எழுதும்மா. இந்தத் தடவ எம் பேரப் போட்டே எழுது. கம்பெனி பேரையும் போடு."

அவள் பதறிப்போனாள். "ஐயோ வேணாம்ண்ணா! பேர் போட்டா உங்கள வேலைய விட்டுத் தூக்கி ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டுமே," என்றான். "அனுப்பணும்னா பாஸ்போர்ட்ட எங்கிட்டக் குடுத்துத்தான ஆகணும்?"