இரண்டு வாரம் வந்த நல்ல காற்று

ஹூஸ்டனில் எங்கள் அலுவலக வரவேற்பு மேசை என்றால் வெர்னா கிட்ரிதான். லூசியானாக்காரி; வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் தெருவின் புழுக்கம் நேரே அவள் மேல் வந்து விழும். ஏசி சில்லென்று ஊதும், ஈரம் மட்டும் போகாது. இழுப்பறையில் வைத்த பிஸ்கட் மத்தியானத்துக்குள் நமுத்துவிடும். அவளுக்கோ இளைப்பு. மேசையை மாற்று, இல்லை வேலையை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுபது வயதுக்காரி வேலையை விட்டால் மருந்துக்கு எங்கே போவாள்? மேலாளரிடம் மாடியில் இடம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள்.

கட்டிடத்தின் ஏசியைப் பார்த்துக்கொண்டவன் டாரெல் போவன். தினமும் அவள் பாத்திரத்தில் கைவைத்துச் சாப்பிடுகிறவன். அந்த வருடம் நிர்வாகத்துக்குப் பசுமைக் கட்டிடச் சான்றிதழ் மேல் ஆசை வந்தது. அதற்கு இரண்டு வாரம் கருவி வைத்து ஈரப்பதம் அளக்க வேண்டும். புழுக்கமோ குளிரோ இல்லாமல் உட்கார முடிகிறதா என்று ஊழியர்களையும் கேட்க வேண்டும்.

"மிஸ் வெர்னா, கருவியை உங்க மேசையிலயே வைக்கிறேன். நம்பர் எகிறட்டும். அப்புறம் சரி பண்ணாம எப்படித் தப்பிப்பாங்க?" என்றான்.

"என் ராசா, இந்தக் கட்டிடத்துல என் மூச்சைப் பத்தி யோசிக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்."

கருவி வந்த மறுநாளே காற்று காய்ந்துவிட்டது. வெர்னாவின் நெஞ்சில் கேட்ட இளைப்பு விசில் நின்றுபோனது. தபால் கொண்டுபோன என்னிடம், "ரூபி, மாடிப்படி ஏறிப் பாத்தேன்டி, மூச்சே வாங்கல" என்றாள். டாரெலுக்காக இறாலும் வெண்டைக்காயும் போட்டு, அவள் ஊர்க் குழம்பான கம்போ ஒரு பானை கொண்டுவந்தாள். பாவி, இரண்டு தடவை போட்டுக்கொண்டான். கணினியில் கேள்விகள் வந்தபோது எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி' என்று அழுத்தினாள். அவன் செய்த நன்மைக்கு அதுதான் மரியாதை என்று நினைத்தாள்.

கருவியை எடுத்த அன்றே விசில் திரும்பியது. பின்வாசலில் தபால் இறக்கப் போன நான், வெர்னாவின் மேசைக்குப் பின்னாலிருந்த அறையிலிருந்து இரண்டு பெரிய மெஷின்களை டாரெல் லாரியில் ஏற்றுவதைப் பார்த்தேன். ஈரம் உறிஞ்சுகிறவை. வாடகைக்கு எடுத்தவை. நேரே போய் அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் முதலில் நம்பவில்லை. மேலாளரிடம் போய் மாடி இடத்தை மறுபடி கேட்டாள். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார்: "திருப்தின்னு நீங்களேதான சொல்லியிருக்கீங்க. எதுக்கு மாத்தணும்?"

சாயங்காலம் டாரெல் அவள் எதிரில் வந்து தலைகுனிந்து நின்றான்.

"கருவி இருக்கிற வரைக்கும் ஈரத்தை இறக்கி வைன்னு மேல இருந்து சொன்னாங்க, மிஸ் வெர்னா. செய்யலைன்னா என் வேலை போயிருக்கும். ரெண்டு வாரமாவது நீங்க நல்லா மூச்சு விட்டீங்களேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

வெர்னா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு இழுத்தது.

"இந்தக் காத்தைச் சரி பண்ண முடியாதுன்னு நீ சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன், கண்ணு. உன்னால முடியுது. முடியும்னு தெரிஞ்சேதான் மெஷினை லாரியில ஏத்துன."

வெளியே அதே புழுக்கம். பேருந்து நிறுத்தம் வரை நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதன் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை.