சம்பங்கி அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னது

திமிர் பிடித்தவன் என்கிறார்களே, அதுதான் தப்பு. சம்பங்கிக்குத் திமிர் ஏது? கோலார் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கல் வண்டி தள்ளுகிறவன். கூத்து கட்டினால் கட்டியங்காரன், கோமாளியும் அவனே. ராஜாவைக் கும்பிட்டு "மகராசா வாழ்க" என்பான். உடனே முகத்தைச் சனங்கள் பக்கம் திருப்பி, "வயித்தப் பாரு, மூணு ஊரு சோறு" என்று கத்துவான். முழம் தள்ளி நிற்கிற ராஜா காதில் அது விழாது. விழக் கூடாது. கூத்தின் சட்டம் அது. வீட்டுக்கும் அதே சட்டம்தான் என்று நம்பினான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

பெண்டாட்டி தாயம்மா களி கிண்டிப் போட்டால், "அமிர்தமா கீது" என்பான். பிறகு மூங்கில் தட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி, உரக்க: "உப்ப எங்க ஒளிச்சி வெச்சாளோ!"

"யோவ், எனக்கு காது இல்லியா?"

"உனக்கு எப்பிடி கேட்டுச்சி? அது சனங்களுக்குச் சொன்னது."

"இன்னா சனம்? தட்டியில பல்லிதான் கீது."

"பல்லி கேக்கட்டும். நீ கேக்காதே."

சில நாள் அழுதாள். பிறகு எதிர்த் தட்டியைப் பார்த்து, மாமியாரைப் பற்றி உள்ளதெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அவன் காதில் விழவேயில்லை. பொறுமையாகத் தின்று கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுத் தங்கம்மா புளியமரத்தைப் பார்த்து வையத் தொடங்கினாள். அதன்பிறகு அந்தச் சுரங்கத் தொழிலாளர் லைனில் சண்டையே இல்லை. எல்லாரும் எல்லாரையும் வைதார்கள், ஒருவருக்கும் கேட்கவில்லை.

கெட்டது, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கம்பிக் கூண்டான கேஜில் இறங்கும்போதுதான். சமையல்காரனிடம் தமிழ் கற்ற துரை, "கீழ் லெவலில் கூரை உறுதியா?" என்று கேட்டார். "இரும்புங்க" என்றார் மேஸ்திரி பர்னபாஸ். சம்பங்கியும் கும்பிட்டு, "இரும்புதாங்க" என்றான். பிறகு கம்பிப் பக்கம் திரும்பி, "இரும்பாம்! நேத்து என் முதுகுல கூடை கூடையா கொட்டிச்சி."

துரை அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். "எது நிஜம்?"

"உங்களுக்கு இரும்புங்க. அந்தப் பக்கம் சொன்னது உங்க காதுல விழக் கூடாதுங்க."

மறுபடி கேட்டார். மறுபடி துரை பக்கம் இரும்பு, கம்பிப் பக்கம் கல். துரைக்குத் தலை சுற்றியது. பைத்தியம் என்று வேலையை விட்டு நிறுத்தி, லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார். கூரைப் பேச்சு அதோடு போயிற்று.

"மூஞ்சியப் பாத்து ஒரு வாட்டி சொல்லக் கூடாதா? உன் எடத்துல நாளைக்கு எறங்கறது என் தம்பிய்யா." தாயம்மா இதைத் தட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை.

விடிந்ததும் பூட்டோடு வந்து வாசலில் நின்றார் பர்னபாஸ். லைனே கூடிவிட்டது, எந்தப் பக்கம் திரும்பினாலும் சனம். மூட்டையோடு வந்த சம்பங்கி அதைக் கீழே வைத்தான். மேஸ்திரி வேறெங்கோ பார்த்தார். அவர் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"கூரை வுழும், மேஸ்திரி. ஆள எறக்காதீங்க."

"சரி" என்று அவர் வாய் திறந்து சொல்லும்வரை பிடியை விடவில்லை. சொன்னதும் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினான்.